மரச்சாமான் மெருகூட்டல்

மரச்சாமான் மெருகூட்டல் என்பது தச்சு வேலை முடிந்த பூச்சில்லாத மரத்தைத் தேய்த்து, நிறமேற்றி, ஈரமும் கறையும் ஏறாமல் மேற்பூச்சு இடும் வேலை. பேச்சுவழக்கில் பாலிஷ் போடுதல் எனப்படும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாக உள்ள திருவரங்கத்திலும், காவிரியின் தென்கரையிலுள்ள திருச்சிராப்பள்ளியிலும் இவ்வேலைக்கு உகந்த நாளைப் பருவநிலையே முடிவு செய்கிறது.

தேய்ப்பும் நிறமும்

உப்புத்தாளால் 80, 120, 180 என்ற எண் வரிசையில், ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல்கள் நிறம் ஏறியதும் பளிச்செனத் தெரியும். ஆணிக் குழிகளைப் பட்டியால் அடைப்பர். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பூச்சு நன்கு பிடிக்க, தின்னர் நனைத்த துணியால் அதை முன்கூட்டியே துடைத்துவிடுவர். பலகையின் வெட்டுமுனை நிறத்தை அதிகம் உறிஞ்சிக் கறுக்கும். ஆகவே முதலில் ஒரு துண்டுப் பலகையில் பூசிப் பார்ப்பது நல்லது.

மேற்பூச்சு

பிரெஞ்சு பாலிஷின் மூலப்பொருள் அரக்கு. பலாசு, குசும் போன்ற மரங்களில் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்திகரித்து, ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொதியால் மெல்லிய பல பூச்சுகளாகத் தேய்ப்பர். ஜார்க்கண்ட் இதன் முதன்மை விளைநிலம். ராஞ்சியில் அரக்கு ஆராய்ச்சி நிறுவனம் 1924இல் தொடங்கப்பட்டது. புதுப் பூச்சு பழையதைக் கரைத்து அதனுடன் கலந்துவிடுவதால் பழுதுபார்ப்பது எளிது. ஆனால் சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். கூடத்து ஊஞ்சலுக்கு இப்பூச்சு போதும். சாப்பாட்டு மேசைக்குப் பாலியூரிதேன் உறுதியானது. மழையும் வெயிலும் படும் வாசற்கதவுக்கு வெளிப்புறப் பயன்பாட்டுக்கென உள்ள பூச்சே வேண்டும்.

பருவம்

ஆடிக்காற்று கிளப்பும் தூசி காயாத பூச்சில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில், ஸ்பிரிட் ஆவியாகும்போது குளிரும் பரப்பில் காற்றின் ஈரம் படிந்து அரக்குப் பூச்சு வெளுக்கும். மாசி, பங்குனியின் வறண்ட முற்பகல்கள் ஏற்றவை. நேர்வெயிலில் மேற்புறம் முந்திக் காய்ந்து கொப்புளம் எழுவதால், சாமானை நிழலில் வைத்துப் பூச வேண்டும்.

பாதுகாப்பு

ஸ்பிரிட், தின்னர் ஆவி தீப்பற்றக்கூடியது. சன்னல்களைத் திறந்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் வேலை செய்ய வேண்டும். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். அதைத் திறந்தவெளியில் விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும்.