ஃபோல்க், வில்லியம் ஹென்றி (1874–1916)

இங்கிலாந்துக் கால்பந்தின் தொடக்கக்கால கோல்கீப்பர். ஷெஃபீல்டு யுனைடெட் அணி தன் வரலாற்றில் வென்ற ஒரே லீக் பட்டம் 1897–98இல் கிடைத்தது. அப்போது கோலைக் காத்தவர் இவர்தான். ஆனால் ஃபோல்க் என்றதும் இன்றும் முதலில் பேசப்படுவது அவருடைய எடையே.

ஷ்ராப்ஷயரின் டாலி ஊரில் பிறந்து, டார்பிஷயரின் பிளாக்வெல்லில் வளர்ந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஊர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவரை 1894இல் ஷெஃபீல்டு யுனைடெட் எடுத்துக்கொண்டது. ஆறடிக்கு மேல் உயரம். அப்போது பருமன் கிடையாது. பின்னாளில் செல்சி அணியில் ஆடியபோது 22 ஸ்டோன், அதாவது 140 கிலோ அளவில் இருந்தார் என்பார்கள்.

அக்கால விதிகளை அறியாமல் இவர் திறமையை எடைபோட முடியாது. கோல்கீப்பரைத் தோளால் இடித்துத் தள்ள எதிரணிக்கு அனுமதி உண்டு. பந்தோடு ஆளும் வலைக்குள் போனால் அது கோல்தான். மறுபுறம், தன் பாதி மைதானம் முழுவதிலும் கோல்கீப்பர் பந்தைக் கையாளலாம்; 1912இல்தான் அந்த உரிமை பெனால்டி பகுதிக்குள் சுருக்கப்பட்டது. இடியைத் தாங்கும் உடம்பும், பந்தை வெகுதூரம் குத்தி அனுப்பும் கையும் அன்றைய தேவை. ஃபோல்க்கிடம் இரண்டும் இருந்தன. இடிக்க வந்த லிவர்பூல் வீரர் ஜார்ஜ் ஆலனைத் தலைகீழாகச் சேற்றில் நட்டார் என்றொரு கதை உண்டு. அது தற்செயல் என்று பின்னாளில் ஃபோல்க் சொல்லிக்கொண்டார், நம்பியவர்கள் குறைவு.

எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மூன்று முறை ஆடினார். 1899இல் டார்பி கவுண்டியை 4–1 என யுனைடெட் வென்றது. 1901இல் லீக்கிலேயே இல்லாத டாட்டன்ஹாமிடம் மறுஆட்டத்தில் தோற்றது. 1902இல் சவுத்தாம்ப்டனுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் விழுந்த கோல் ஆஃப்சைடு என்று யுனைடெட் வீரர்கள் வாதிட்டார்கள், ஆட்டம் 1–1. முடிந்தபின் ஃபோல்க் ஆடையில்லாமல் நடுவர் டாம் கிர்காமைத் தேடிப் புறப்பட, நடுவர் துடைப்பம் வைக்கும் அறைக்குள் ஒளிந்தாராம். மறுஆட்டத்தில் யுனைடெட் 2–1 என வென்றது. அன்று ஃபோல்க் தடுத்த பந்துகளைவிட அந்தத் துரத்தல்தான் நிலைத்துவிட்டது; இது அவருக்கு நேர்ந்த அநியாயம்.

இங்கிலாந்துக்காக ஒரே ஒரு முறை, 1897இல் வேல்ஸுக்கு எதிராக ஆடினார்; இங்கிலாந்து 4–0 என வென்றது. 1900இல் டார்பிஷயருக்காக நான்கு முதல்தரக் கிரிக்கெட் ஆட்டங்களும் ஆடியிருக்கிறார்.

1905இல் புதிதாகத் தொடங்கிய செல்சி, 50 பவுண்டு கொடுத்து அவரை வாங்கி முதல் அணித்தலைவராக்கியது. அவர் உருவத்தை இன்னும் பெரிதாகக் காட்ட, கோலுக்குப் பின்னால் இரண்டு சிறுவர்களை நிறுத்தினார்கள். பந்து எடுத்துத்தரும் பையன்களின் தொடக்கம் இதுவே என்று சொல்வதுண்டு. அடுத்த ஆண்டு பிராட்ஃபோர்டு சிட்டிக்குப் போய், 1907இல் ஓய்வுபெற்றார்.

பிறகு ஷெஃபீல்டில் கடையும் மதுவிடுதியும் நடத்தினார். பிளாக்பூல் கடற்கரையில் காசுக்குப் பந்து தடுத்து, குளிரில் நிமோனியா கண்டு ஏழையாய் இறந்தார் என்று பல நூல்கள் எழுதுகின்றன. இறப்புச் சான்றிதழில் உள்ள காரணமோ கல்லீரல் நோய். 1916 மே 1 அன்று 42ஆம் வயதில் காலமானார். கல்லறை ஷெஃபீல்டின் பர்ன்கிரீவில் உள்ளது.