ஆனைக்கொய்யாவில் உப்புச் சம்பல்: குவாக்கமோலி

நக்கிள்ஸ் மலைப்பக்கத்து மடுல்கெல்லவில் அவகாடோ என்கிற ஆனைக்கொய்யாவைச் சீனியும் பாலும் விட்டுப் பிசைந்துதான் சாப்பிடுவோம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தார் பலர் வன்னிக்குப் போய்க் குடியேறினார்கள். அப்படிப் போன என் சித்தி ஊருக்கு வந்தால் இந்தப் பழத்தைக் கேட்பார். இப்போது அவருக்கு நீரிழிவு, சீனி ஆகாது. அவருக்காகவே சீனி சேராத மெக்சிக்கோச் சம்பலைச் செய்யப் பழகினேன்.

அந்நாட்டின் நாவாட்டில் மொழியில் 'அவாகாத்தில்' என்றால் இந்தப் பழம், 'மோல்லி' என்றால் குழம்பு. குவாக்கமோலி அதிலிருந்து வந்த பெயர்.

தேவையானவை: பழுத்த ஆனைக்கொய்யா 2, சின்ன வெங்காயம் 5, பச்சை மிளகாய் 1, தக்காளி 1, கொத்தமல்லி இலை கொஞ்சம், தேசிக்காய் பாதி, அளவாக உப்பு.

பழுக்க வைத்தல்: இது மரத்தில் பழுக்காது. முற்றிய காயைப் பறித்து வாழைப்பழத்தோடு கடதாசியில் சுற்றி வைத்தால் சில நாளில் பழுக்கும். காம்படியில் மெல்ல அழுத்தினால் அமுங்க வேண்டும்.

செய்முறை: வெங்காயம், மிளகாய், உப்பை அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்குங்கள். மெக்சிக்கோவிலும் கல்லில் நசுக்குவதே பழைய முறை. பழச்சதையை வழித்தெடுத்து, சிறு கட்டிகள் இருக்கும்படி மசியுங்கள். விதை நீக்கி அரிந்த தக்காளி, மல்லி இலை சேர்த்து, தேசிக்காய் பிழிந்து கலக்குங்கள்.

காற்றுப் பட்டால் கறுக்கும். தேசிப்புளி அதைத் தாமதப்படுத்தும். கொட்டையை உள்ளே வைத்தால், அது மூடும் இடம் மட்டுமே பச்சையாக இருக்கும். பொலித்தீனைச் சம்பலின் மேல் ஒட்ட மூடி, அன்றைக்கே சாப்பிட்டு முடியுங்கள்.

ரொட்டிக்கும் அவித்த மரவள்ளிக்கும் நன்றாக இருக்கும். நீரிழிவுக்காரர் அவற்றின் அளவைக் குறைத்து, வெள்ளரிக்காய்த் துண்டுகளோடு சாப்பிடலாம்.