வாக்கில்லாதோர் அவை

திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்திலிருந்து பாளையம் நோக்கிச் செல்வோர் பழைய மண்டபம் ஒன்றைக் காண்பர். விக்டோரியா ஜூபிலி மண்டபம் என வழங்கிவந்த அது, 2019 முதல் அய்யன்காளி மண்டபம் எனப் பெயர் பெற்றுள்ளது. 1904 அக்டோபரில் ஸ்ரீமூலம் பிரஜா சபை முதன்முதலாகக் கூடியது இங்கேதான். நாஞ்சில் நாடும் செங்கோட்டையும் அன்று திருவிதாங்கூரில் அடங்கியிருந்தமையால், அது தமிழர்க்கும் உரிய சபையாயிற்று.

அச்சபைக்குச் சட்டமியற்றும் அதிகாரம் இருக்கவில்லை. குடிகளின் குறைகளைத் திவானின் முன் எடுத்துரைக்கலாம், அவ்வளவே. ஆயினும் 1911-இல் அதன் உறுப்பினராக நியமனம் பெற்ற அய்யன்காளி, தம் மக்களுக்கு நிலமும் அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் வேண்டுமென அங்கே ஓயாது வாதாடினார். வெளியே நிலைமை வேறாக இருந்தது. அதே பத்தாண்டில் ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் பள்ளியிற் சேர்க்க முயன்றபோது, பள்ளிக்கூடமே தீக்கிரையாயிற்று. ஆனால் சபையில் உறுப்பினர் கூறியவையும் அரசின் மறுமொழியும் நடவடிக்கைக் குறிப்புகளாக அச்சேறின. கேட்டவரும் மறுத்தவரும் ஏட்டில் நின்றனர். அதிகாரமற்ற அவைக்கு அதுவே வலிமை என்பேன்.

இன்று வாக்கில்லாதோர் யாவர்? வளரிளம் பருவத்தினரே. 1989-இல் வாக்குரிமை வயது 21-இலிருந்து 18-ஆகக் குறைந்தது. அதற்குக் கீழ்ப்பட்டோர்க்குக் கிராம சபையில் இடமில்லை. 1996 ஆகஸ்டில் கேரளம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முற்பட்டது. எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்த வாய்க்காலுக்குப் பாலம் என்பதை ஊரார் கூடிப் பேசினர். அந்தத் தெருவில் அந்தி வேளையில் நடந்து வரும் பதினைந்து வயதுப் பெண்ணை யார் கேட்டார்?

1998-இல் தோன்றிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் பால சபைகள் இக்குறையை ஓரளவு போக்கின. அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஒரு சபையாகக் கூடுவர். அதற்கு மேல் ஊராட்சியளவில் பால பஞ்சாயத்து அமையும். கருநாடகத்திலோ ஊராட்சிகளே ‘மக்கள கிராம சபை’ கூட்டுகின்றன. கன்னடத்தில் ‘மக்கள’ என்றால் குழந்தைகளின் என்று பொருள். தமிழிலும் மக்கட்பேறு என்கையில் அப்பொருளே நிற்கிறது; குடிகளையும் குழந்தைகளையும் ஒரே சொல்லால் அழைத்த மொழி நம்முடையது. பிரெஞ்சு நாட்டில் ஷில்டிகைம் நகரம் 1979-லேயே சிறுவர் நகரமன்றம் கண்டது.

2020 டிசம்பரில், பாலசங்கம் என்னும் இடதுசாரிச் சிறுவர் அமைப்பில் வளர்ந்த ஆர்யா ராஜேந்திரன் தம் 21-ஆம் வயதில் திருவனந்தபுரம் மேயரானார். உள்ளாட்சி உறுப்பினராக அரசியலமைப்பு விதித்த மிகக் குறைந்த வயதும் அதுவே. நாடே வியந்தது, வியப்பிற்குரியதே. எனினும் ஒருவர் மேயரானமை கொண்டு சிறுவர் அவைகளை அளவிடலாகாது. பிள்ளைகள் கேட்ட விளக்கு எரிந்ததா என்பதே அளவு.

இத்தகைய அவை பேச்சுப் போட்டியாகத் தேய்ந்துபோவது எளிது. குழந்தைகள் நாளில் மேடையேற்றி, மாலையிட்டு, மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுவர். அது வேண்டாமெனின், ஊராட்சி தன் ஆண்டுத் திட்டத்தை முடிவு செய்வதற்கு முன்பே பிள்ளைகளின் அவை கூடவேண்டும். அவர்தம் கோரிக்கை ஏட்டிலேற வேண்டும். இயலும், இயலாது என்னும் மறுமொழியைக் காரணத்துடன் எழுத்திலே தரவேண்டும். பழைய திவான்கள் செய்த அளவேனும் இன்றைய ஊராட்சித் தலைவர்கள் செய்யலாமன்றோ?

பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் பலர்க்கு வாக்காளர் பட்டியலில் பெயர் இன்னும் சொந்த ஊரிலேயே இருக்கும். பால சபையோ வாக்காளர் பட்டியலைக் கொண்டு அமைவதன்று. அண்டை வீடுகளைக் கொண்டு அமைவது. சாலைக் கடைத்தெருவின் பக்கத்தில் குடியிருக்கும் தமிழ்ச் சிறுவன் தன் வீட்டுக் குழாயில் நீர் வராததைப் பள்ளியிற் கற்ற மலையாளத்திலேயே அங்கு எடுத்துரைக்கலாம். உங்கள் வார்டில் அது எந்நாளில் கூடுகிறது என்று வார்டு உறுப்பினரைக் கேட்டுப் பாருங்கள்.