விலக்குதலிலிருந்து பகிர்தலுக்கு: நகர்நிலை வானொலித் தொடர்பில் குறுக்கீடு பற்றிய கருத்து மாற்றம் (1922–1993)

ஆய்வுச் சுருக்கம்

ஓடும் வாகனத்திலிருந்து வானொலி வழிப் பேசுவோருக்குக் குறுக்கீடே தொடக்கம் முதல் பேரிடராக இருந்துள்ளது. அதனை எதிர்கொள்ள அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் மூன்று கட்டங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. குறுக்கீட்டை விலக்க முயன்ற பொறியியல் சிந்தனை, அதனை அளந்து பகிர்ந்துகொள்ளும் நிலைக்கு மாறியதே இவ்வரலாற்றின் அடிப்படைப் போக்கு என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: குறுக்கீடு, இரைச்சல், அலைவெண் பண்பேற்றம், பட்டையகலம், செல்பேசி

முன்னுரை

1928ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரக் காவல்துறை தன் ரோந்து வண்டிகளுக்கு வானொலிச் செய்தி அனுப்பத் தொடங்கியது. காவலர்கள் செய்தியைக் கேட்கலாம், விடையளிக்க இயலாது. 1933இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேயோன் நகரக் காவல்துறை இருவழித் தொடர்பைப் பெற்றது. இவ்விரண்டும் வீச்சுப் பண்பேற்ற (ஏ.எம்.) முறையில் அமைந்தவை. அம்முறையில் குரல், அலையின் வலிமை ஏறியிறங்குவதாகப் பயணம் செய்கிறது. வண்டியின் தீப்பொறிச் செருகி உண்டாக்கும் இரைச்சலும் வலிமையின் ஏற்றத்தாழ்வாகவே ஏற்பியை அடைகிறது. எனவே குரல் எது, இரைச்சல் எது எனப் பிரித்தறிய ஏற்பிக்கு வழியில்லை. அனுப்பியின் ஆற்றலைக் கூட்டுவதால் மட்டும் இச்சிக்கல் தீரவில்லை.

கார்சனும் ஆம்ஸ்ட்ராங்கும்

அலைவரிசையைக் குறுக்கினால் அதனுள் நுழையும் இரைச்சலும் குறையும் என்பது அக்காலப் பொறியியலாரின் பொதுக்கருத்து. அலையின் வலிமைக்கு மாறாக அதன் அலைவெண்ணைச் சிறிதளவே மாற்றிக் குரலை அனுப்பினால் மிகக் குறுகிய பட்டை போதும் எனச் சிலர் எண்ணினர். 1922இல் ஜான் கார்சன் வெளியிட்ட கணிதப் பகுப்பாய்வு இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. அலைவெண் பண்பேற்றம் (எஃப்.எம்.) பட்டையைக் குறுக்காது என்று காட்டிய அவர், அம்முறையால் பயனில்லை என்றும் முடிவு செய்தார்.

எட்வின் ஆம்ஸ்ட்ராங் எதிர்த்திசையில் சென்றார். பட்டையைக் குறுக்காமல் வேண்டுமென்றே விரித்தார். ஏற்பியில் வலிமையின் ஏற்றத்தாழ்வுகளை வெட்டிச் சமப்படுத்தும் சுற்றை அமைத்தார். இதனால் வலிமையின் வழியே வந்த இரைச்சல் பெரும்பாலும் அகன்றது. அலைவெண்ணில் பொதிந்த குரல் எஞ்சியது. 1933 டிசம்பரில் அவர் காப்புரிமைகளைப் பெற்றார். 1935 நவம்பரில் நியூயார்க்கில் வானொலிப் பொறியாளர் முன்னிலையில் இம்முறையை விளக்கிக் காட்டினார். அவ்வுரை 1936இல் கட்டுரையாக வெளிவந்தது.

கார்சன் தவறினார், ஆம்ஸ்ட்ராங் வென்றார் என்று இதனைச் சுருக்கிக் கூறும் வழக்கம் உண்டு. அது முழுமையான கூற்றன்று. கார்சனின் கணிதம் பிழையற்றது. பட்டையைக் குறுக்க முடியுமா என்ற வினாவுக்கு அது சரியான விடை. அவ்விடையை முறை முழுமைக்குமான தீர்ப்பாக விரித்ததே பிழை. ஆம்ஸ்ட்ராங் மாற்றியது விடையை அன்று, வினாவை.

கனெக்டிகட் அனுபவமும் அதன் விலையும்

கனெக்டிகட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் நோபிள் அம்மாநிலக் காவல்துறைக்காக வடிவமைத்த எஃப்.எம். இருவழி அமைப்பு 1940இல் செயற்பட்டது. மலைப்பாங்கான நிலப்பகுதியிலும் ஓடும் வண்டிகளுக்கு இம்முறை ஏற்றது என்பது நடைமுறையில் உறுதியாயிற்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையின் பீரங்கி வண்டிகளிலும், எஸ்.சி.ஆர்.-300 என்னும் முதுகுச்சுமைக் கருவியிலும் எஃப்.எம். இடம்பெற்றது.

எனினும் இவ்வெற்றிக்குப் பட்டையகலமே விலையாயிற்று. 1946இல் செயின்ட் லூயிஸ் நகரில் வண்டித் தொலைபேசிச் சேவை தொடங்கியபோது, 60 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஆறு அலைவரிசைகள் வகுக்கப்பட்டன. அடுத்தடுத்த வரிசைகள் ஒன்றையொன்று இடையூறு செய்ததால் மூன்று மட்டுமே பயன்பட்டன. பின்னர் வரிசைகள் குறுக்கப்பட்ட போதிலும் பற்றாக்குறை நீங்கவில்லை. 1976இல் நியூயார்க் பகுதியில் பெல் நிறுவனத்தின் சேவை 12 வரிசைகளில் 543 வாடிக்கையாளர்களுக்கே கிட்டியது. 3,700க்கும் மேற்பட்டோர் காத்திருந்தனர். எஞ்சின் இரைச்சலை வென்ற முறைக்கு, பிற உரையாடல்களின் குறுக்கீடு புதிய இடராயிற்று.

அளந்து ஏற்ற குறுக்கீடு

ஒரே அலைவெண்ணை ஒரு பரப்பில் ஒருவரே பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை இங்குத் தடையாக நின்றது. பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் 1947 டிசம்பரில் எழுதிய உள்சுற்றுக் குறிப்பு, நிலப்பரப்பைச் சிறு அறுகோணங்களாகப் பகுத்து, ஒரே அலைவெண்ணைத் தொலைவிலுள்ள அறுகோணங்களில் மீண்டும் பயன்படுத்தலாம் எனக் காட்டியது. இவ்வறுகோணமே ‘செல்’ எனப்பட்டது.

இத்திட்டத்திற்கு எஃப்.எம்.மின் மற்றொரு பண்பு துணைநின்றது. ஒரே அலைவெண்ணில் இரு குறிகைகள் வந்தால், போதிய அளவு வலிமை மிக்கது மற்றதை அடக்கிவிடும். எவ்வளவு வலிமை வேண்டும் என்பதைக் கேட்போரின் மதிப்பீட்டைக் கொண்டு பெல் ஆய்வாளர்கள் அறுதியிட்டனர். விரும்பும் குறிகை குறுக்கீட்டைவிட 18 டெசிபெல், அதாவது ஏறத்தாழ 63 மடங்கு, வலிமை பெற்றிருத்தல் வேண்டும். இதிலிருந்து ஏழு செல்கள் கொண்ட தொகுதியும், செல்லின் ஆரத்தைப் போல 4.6 மடங்கு மறுபயன்பாட்டுத் தொலைவும் பெறப்பட்டன. 1983 அக்டோபரில் சிகாகோவில் தொடங்கிய ஏ.எம்.பி.எஸ். சேவை இவ்வடிப்படையில் அமைந்தது. குறுக்கீடு இங்கு ஒழிக்கப்படவில்லை. எவ்வளவு பொறுக்கலாம் என்று வரையறுக்கப்பட்டது.

பகிர்ந்துகொண்ட குறுக்கீடு

மூன்றாம் கட்டத்தில் இப்போக்கு முழுமை பெற்றது. இர்வின் ஜேக்கப்ஸ், ஆண்ட்ரூ விட்டர்பி முதலியோர் 1985இல் நிறுவிய குவால்காம் முன்வைத்த சி.டி.எம்.ஏ. முறை 1993இல் ஐ.எஸ்.-95 என்னும் தரநிலையாயிற்று. இதில் ஒவ்வோர் உரையாடலும் ஏறத்தாழ 1.25 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் விரிக்கப்பட்டது. அண்டைச் செல்களும் அதே அலைவெண்ணைப் பயன்படுத்தின. குறியீட்டை அறிந்த ஏற்பிக்குத் தன் உரையாடல் மட்டும் தெளிவாகும்; ஏனையவை இரைச்சலாகக் கலந்து நிற்கும். நிலையத்துக்கு அருகிலிருப்பவரின் கருவி தொலைவிலிருப்பவரை மூழ்கடிக்காதவாறு, அதன் ஆற்றலை ஏற்றவோ இறக்கவோ நொடிக்கு 800 முறை ஆணை அனுப்பப்பட்டது. ஒருவர் பேச்சை நிறுத்தும் இடைவெளியில் அவரது கருவி உமிழும் ஆற்றல் குறைய, மற்றவர்களுக்கான குறுக்கீடும் குறைந்தது.

முடிவுரை

ஏற்பிக்குள் இரைச்சலை வெட்டுதல், இடத்தால் குறுக்கீட்டைத் தள்ளிவைத்தல், அனைவரும் அதனைச் சிறிது சிறிதாகச் சுமத்தல் எனும் மூன்று நிலைகளை இவ்வாய்வு இனங்காண்கிறது. ஒவ்வொரு நிலையிலும் பழைய சிக்கல் தீர்ந்த இடத்திலேயே புதிய சிக்கல் தோன்றியது. அகலப் பட்டை இரைச்சலை வென்று நெரிசலைத் தந்தது. செல் அமைப்பு நெரிசலைத் தணித்து, ஒரே அலைவெண் தரும் குறுக்கீட்டை உடன்கொணர்ந்தது. ஆகவே தொழில்நுட்ப வரலாற்றை வென்றோர், தோற்றோர் பட்டியலாகக் காண்பதினும், ஒவ்வொரு காலமும் எழுப்பிய வினாக்களின் மாற்றமாகக் காண்பதே பொருத்தமாகும்.