சிங்கப்பூரில் பிறந்த தமிழாய்வுத் துறை

ஒரு மொழியைப் பற்றிய ஆராய்ச்சி எதனால் வளர்கிறது? நூல்களால் என்பார் சிலர். பொருளால் என்பார் வேறு சிலர். இரண்டும் வேண்டுவனவே. ஆயினும், ஓர் ஆசிரியர் தமக்குப்பின் ஒரு மாணவரையேனும் ஆக்கி வைக்காவிடின், நூல்கள் அலமாரியிலும் பொருள் கணக்கேட்டிலும் தங்கிவிடும். சிங்கப்பூரில் பிறந்து கோலாலம்பூரில் வளர்ந்த இந்திய ஆய்வியல் துறையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1949-இல் சிங்கப்பூரில் நிறுவப்பெற்ற மலாயாப் பல்கலைக்கழகத்தில், 1956-இல் அத்துறை தோன்றியது. அதில் முதலிடம் வடமொழிக்கா, தமிழுக்கா என்னும் வினா எழுந்தது. இந்நாட்டு இந்தியருள் பெரும்பாலார் தமிழரே ஆதலின் தமிழுக்கே முதலிடம் வேண்டுமென வாதாடினார் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி. வாதத்தோடு அவர் நின்றாரில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் தொடங்கி, பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்திற்குப் பொருள் திரட்டினார்.

தென்கொரியா தன் மொழி, வரலாறு, பண்பாடு பற்றிய ஆய்வுக்கென 1978-இல் ஓர் ஆய்வு நிறுவனத்தை அமைத்தது. அயல்நாட்டில் கொரியவியல் பயில்வோர்க்குத் துணைபுரிய 1991-இல் ஓர் அறக்கட்டளையையும் ஏற்படுத்தியது. அங்கே முன்னின்றது அரசு. இங்கே தமிழுக்காக முன்வந்தவர் பொதுமக்கள்.

பின்னர் அத்துறை கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. 1961-இல் அதன் தலைமையை ஏற்றவர் சேவியர் தனிநாயக அடிகள். யாழ்ப்பாணத்தவரான அடிகள், நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராய் இருந்தபோதே தமிழ்ப் புலவர் ஒருவரிடம் மாணவராய் அமர்ந்து இலக்கியம் கற்றவர். பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று முறையாகப் பயின்றவர். ஆசிரியரானபின் மாணவராகத் துணிந்த அவர், 1964-இல் தில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966 ஏப்ரலில் அதன் முதல் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டுவித்தார். மூத்த அறிஞரின் கட்டுரை அவையில் எவ்வாறு வினவப்படுகிறது, எவ்வாறு திருத்தம் பெறுகிறது என நேரில் காண்பதினும் சிறந்த பயிற்சி இளம் ஆய்வாளர்க்கு வேறுண்டோ?

அத்துறையில் பணியாற்றிய இராம. சுப்பையா, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் வெளியீடுகளைத் தேடித் தொகுத்து 1969-இல் ஒரு நூற்பட்டியல் வெளியிட்டார். எங்கே தேடுவதென்று திகைக்கும் மாணவர்க்கு அது ஒரு கைவிளக்கு.

துறை பிறந்த ஊரின் நிலை யாதாயிற்று? சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப்பள்ளியாகிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி 1982-இல் மூடப்பெற்றது. சிராங்கூன் சாலையை அடுத்துள்ள பீட்டி சாலையில் அமைந்த தமிழ்மொழி நிலையம் அப்பெயரைக் காத்து வருகிறது. சிம் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பட்டப்படிப்பு தொடங்கியது 2006-இல். 1956-க்கும் அதற்கும் இடையே ஐம்பது ஆண்டுகள்! ஒரு தலைமுறை ஆசிரியர் பணிக்கு வந்து ஓய்வும் பெறும் காலம் அது.

பல்கலைக்கழகங்கள் தம் கடமையைச் செய்யட்டும். பள்ளி ஆசிரியராகிய நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. வகுப்பில் வினாமேல் வினா எழுப்பும் ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொள்வோம். தம் ஊருக்குப் பெயர் வந்தது எவ்வாறு, தம் பள்ளியைக் கட்டியவர் யாவர் என அப்பிள்ளை தேடட்டும். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய ‘தமிழ் முரசு’ ஏடுகளை இணையத்தில் வைத்துள்ளது. அவற்றைப் படிக்கவும், நாளும் பக்கமும் குறித்துக்கொள்ளவும், கேட்டதையும் கண்டதையும் பிரித்து எழுதவும் பழக்குவோம். ஆராய்ச்சியின் அரிச்சுவடி அதுவே.

எம் தோட்டப் பள்ளிக்குப் பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்களிடம், பாடக்குறிப்பைப் பார்த்தபின் நான் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “உங்களை மிஞ்சப்போகிற பிள்ளை உங்கள் வகுப்பில் யார்?” முதல் வாரத்தில் பலர் விழிப்பர். பயிற்சி முடியுமுன் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால், அவர் ஆசிரியராகிவிட்டார் என்று கொள்வேன்.