வாசனை போனால் மருந்தும் போச்சா?

எங்கள் கன்னிவாடிப் பக்கம் பூச்சிக்கொல்லிக்குப் பெயர் 'மருந்து'. கத்தரிக்கு மருந்து அடித்தால், வாசனை போனதும் மருந்தும் போய்விட்டது என்று ஒரு கணக்கு. மூக்குதான் கருவி. சிரிக்காதீர்கள், 2003 வரை பாட்டில் தண்ணீருக்கு அரசு வைத்திருந்த கணக்கும் ஏறக்குறைய இதேதான்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1952-ல் ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இருவர் லண்டனில் வாயு குரோமடோகிராபியை உருவாக்கினார்கள். கலவையை வாயுவோடு சேர்த்து நீளக் குழாய்க்குள் அனுப்பினால், ஒவ்வொரு பொருளும் வேறு வேறு நேரத்தில் வெளியே வரும். பிரித்தாகிவிட்டது, சரி. வெளியே வந்ததை எப்படி அளப்பது? கொழுப்பு அமிலங்களை டைட்ரேஷன் செய்து அளந்தார்கள்! (நம் லேபில் பியூரெட்டோடு மல்லுக்கட்டுகிறோமே, அதேதான்.) தண்ணீரில் துளியினும் துளியாக இருக்கும் பூச்சிக்கொல்லிக்கு அது எட்டாது.

அதே ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜேம்ஸ் லவ்லாக் 1957-ல் செய்ததுதான் பெரிய தாவல். குழாயின் முனையில் கதிரியக்கப் பொருள் ஒன்றை வைத்தார். அதனால் வாயுவில் எலக்ட்ரான்கள் உண்டாகி, சீரான மின்னோட்டம் ஓடும். குளோரின் உள்ள மூலக்கூறு வந்தால் எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும், மின்னோட்டம் குறையும். அந்தக் குறைவுதான் அளவு. டிடிடி, லிண்டேன், எண்டோசல்பான் எல்லாவற்றிலும் குளோரின் உண்டு. வசமாக மாட்டிக்கொண்டன.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். பாட்டில் தண்ணீரில் பூச்சிக்கொல்லி 'கண்டறியும் அளவுக்குக் கீழே' இருக்க வேண்டும் என்பதே பழைய விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருடைய கருவியால் கண்டறிவது? கருவி எவ்வளவு மந்தமோ, தண்ணீர் அவ்வளவு சுத்தம்! டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், லவ்லாக் வகைக் கருவியால் சோதித்து, லிண்டேனும் டிடிடியும் இருப்பதாக 2003 பிப்ரவரியில் வெளியிட்டது. ஆகஸ்டில் 12 குளிர்பானங்களின் முடிவும் வந்தது. நாடே அல்லோலகல்லோலம். 'அந்த லேப் சரியில்லை' என்றன நிறுவனங்கள்.

பாட்டில் தண்ணீர் விதியில் அந்த வார்த்தை போய் எண் வந்தது. ஒரு பூச்சிக்கொல்லி லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது, 2004 ஜனவரி 1 முதல். அதாவது பத்தாயிரம் லிட்டர் டேங்கர் 1000 நிறுத்தினால், மொத்தத்திலும் ஒரு கிராம்தான்.

குளிர்பானத்தை விசாரித்த நாடாளுமன்றக் கூட்டுக் குழு 2004 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. பூச்சிக்கொல்லி இருந்தது உண்மைதான் என்று அதில் இருந்தது.