அவரைப் பந்தல் ஈயின் பிறப்புச் சான்றிதழ்

ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் அவரைப் பந்தல் போட்டவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். மஞ்சளும் கருப்புமாகப் பட்டை போட்ட சின்னப் பூச்சி. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்கும், சட்டென்று விலகும், மறுபடி வந்து அதே இடத்தில் நிற்கும். பலரும் தேனீ என்றோ குளவி என்றோ நினைக்கிறார்கள். தேனீக்கு இறக்கை நான்கு, இதற்கு இரண்டு. கொட்டத் தெரியாத ஈ இது. இதன் புழு இலைக்கடியில் கிடந்து அசுவினியை நூற்றுக்கணக்கில் தின்கிறது. அந்தப் புழுவைக் கண்டதும் "புழு விழுந்திருச்சு" என்று மருந்தடிக்கிறோம்!

நம் வயல்களில் சாதாரணமாக வரும் இனத்தின் அறிவியல் பெயர் இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸ். இந்தப் பெயர் பிறந்த கதை நம் தமிழ்நாட்டுக் கரையில் தொடங்குகிறது. லின்னேயஸின் மாணவர் ஃபப்ரீசியஸ் 1805-இல் ஈக்களுக்கென்றே லத்தீனில் ஒரு நூல் எழுதினார். அதில் இந்த ஈயை வர்ணித்து, கிடைத்த இடம் தரங்கம்பாடி என்று குறித்தார். அவர் தரங்கம்பாடிக்கு வந்தவர் அல்ல. அப்போது அந்த ஊர் டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. அங்கிருந்து பூச்சிகளைச் சேகரித்து அனுப்பியவர்களில் டால்டோர்ஃப் என்ற படை அதிகாரி முக்கியமானவர். பனைமரத்தில் ஏறிய மீனைப் பிடித்ததாக எழுதி ஐரோப்பியரை வியக்க வைத்தவரும் இவர்தான். நம் பனையேறிக் கெண்டை!

அடுத்து வருபவர் எனக்கு மிகவும் பிடித்த ஆள். என்ரிகோ புருனெட்டி, 1862-இல் பிறந்தவர், தொழில் இசை. கல்கத்தாவில் வாத்தியம் வாசித்துப் பிழைத்துக்கொண்டே இந்திய அருங்காட்சியகத்து ஈக்களை ஆராய்ந்தார். பிரிட்டிஷ் இந்திய உயிரினங்கள் என்ற பெரிய நூல்வரிசையில் மிதவை ஈக்கள் அடங்கிய தொகுதியை 1923-இல் வெளியிட்டார். இறக்கையில் எங்கும் போய்ச் சேராமல் பாதியில் நிற்கும் ஒரு பொய் நரம்பு உண்டு. இந்தக் குடும்பத்தை அடையாளம் காண அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், தெரியும்.

இதெல்லாம் சமவெளிக் கதை. மலையில் இருப்பது வேறு கூட்டம். அதற்குத்தான் மூன்றாமவரைச் சொல்கிறேன். பி. சூசைநாதன், காரைக்கால் அருகே குரும்பகரத்துக்காரர். தரங்கம்பாடிக்குப் பக்கம்தான், ஆனால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. கடந்த நூற்றாண்டின் நடுவில் தென்னிந்திய மலைகளில் ஏறிப் பூச்சி பிடித்து, உலக அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார். நம் ஏற்காடும் அவர் ஏறிய மலைகளில் ஒன்று. ஊசியில் குத்திய பூச்சிக்குக் கீழே நகமளவு சீட்டு, அதில் "சேர்வராயன் மலை, ஏற்காடு, 4500 அடி" என்று இருக்கும். ஊர், உயரம், நாள், பிடித்தவர் பெயர் நான்கும் இருந்தால்தான் அந்தப் பூச்சி ஆதாரம். சீட்டு தொலைந்தால் அது வெறும் செத்த ஈ.

அமெரிக்காவில் அலெக்சாண்டர் என்ற பேராசிரியர் இவர் அனுப்பியவற்றில் பல புதிய இனங்களைக் கண்டார். 'நாதனி' என்று முடியும் பெயர்கள் எறும்பிலும் குளவியிலும் ஈயிலும் இருக்கின்றன. நம் பாடப்புத்தகம் எதிலும் இந்த மனிதரின் பெயரை நான் நடத்தியதில்லை, நடத்த வாய்ப்பே வரவில்லை. ஃபப்ரீசியஸைப் பற்றி ஜெர்மனியில் ஒரு பையன் படிப்பான். சூசைநாதனைப் பற்றிக் காரைக்காலிலாவது யாராவது படிக்கிறார்களா?

ஏற்காட்டில் காப்பித் தோட்டமும் கட்டடமும் பெருகிவிட்டன. அன்று அவர் வலை வீசிய இடத்தில் இன்று என்ன பறக்கிறது என்று ஒப்பிட அந்தச் சீட்டுகள் வேண்டும். அவற்றில் பெரும்பகுதி கடல் கடந்து கிடக்கிறது. கொல்லிமலை நம் வாசலில் இருக்கிறது. மேலே போகும் இளைஞர்கள் செல்போனில் படம் எடுத்தால் இறக்கை, முகம், பின்கால் மூன்றும் தெரிய எடுங்கள். ஊரும் உயரமும் தேதியும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மிதவை ஈ என்பது புத்தகப் பெயர். உங்கள் ஊரில், உங்கள் அப்பத்தா இதை என்ன சொல்லி அழைத்தார்?